காகிதம் விளையும் வயல்

காகிதத்தின் பெருமையைப் பேச முற்படுவோர் பெரும்பாலும் அதன்மீது எழுதப்பட்டவற்றின் பெருமையையே பேசி முடித்துவிடுகின்றனர். அரசர்களின் ஆணைகளையும், ஞானிகளின் வாக்குகளையும், கவிஞர்களின் பாடல்களையும் காத்துக்கொடுத்த பொருள் காகிதம் என்று புகழ்வர். அப்புகழ் தகுந்ததே. ஆயினும், அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று வினவினால், "ஆலையிலிருந்து வந்தது" என்ற அளவில் நம் விடை நின்றுவிடும்.

ஆலைகள் தோன்றுவதற்கு முன் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் உலகில் காகிதம் கையினாலேயே செய்யப்பட்டு வந்தது. கந்தைத் துணியை ஊறவைத்து இடித்துக் காகிதம் செய்த நாடுகள் உண்டு. செடியை நட்டு, வளர்த்து, அறுத்து, அதன் நாரிலிருந்து காகிதம் செய்த நாடுகளும் உண்டு. இரண்டாம் வகை நாடுகளில் காகிதம் முதலில் ஒரு பயிர். பிறகே அது கைத்தொழிற் பொருள். ஆகவே அங்குக் காகிதத்தின் வரலாறு வயலிலே தொடங்குகிறது. இவ்வகை நாடுகளுள் முதன்மையாக எண்ணத்தக்கது ஜப்பான். அந்நாட்டில் 'கோஸோ' என்னும் ஒரு செடி எவ்வாறு பயிராயிற்று, அதன் நார் எவ்வாறு தாளாயிற்று, அதனை வளர்த்த குடியானவர் அடைந்த பலன் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் காகிதம் என்பது யாது எனத் தெளிந்துகொள்ள வேண்டும். செடியின் நாரைத் தனித்தனி இழைகளாகப் பிரித்து, நீரில் மிதக்கவிட்டு, சல்லடை போன்ற ஒரு பரப்பின்மேல் படியச் செய்து, நீரை வடித்து உலர்த்தினால் கிடைக்கும் மெல்லிய படலமே காகிதம். அதில் நெசவு இல்லை, பசையும் இன்றியமையாததன்று. இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒட்டிக்கொள்வதே அதன் வலிமை. எனவே, இழை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத் தாள் உறுதி பெறும். ஆலைகளில் பயன்படும் மரக்கூழின் இழை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை நீளமுள்ளது. கோஸோவின் பட்டை நாரோ ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளமுள்ளது. செடியின் தண்டில் மேல்தோலுக்கும் நடுக்கட்டைக்கும் இடையே ஓடும் இந்த நாரைப் பட்டை நார் என்பர். நம் நாட்டில் கயிறு திரிக்கும் சணலும் புளிச்சையும் தருவது இவ்வகை நாரேயாகும்.

காகிதம் செய்யும் முறையைச் சீரமைத்து அரசவையில் அறிவித்தவர் சாய் லுன் என்னும் சீன அரண்மனை அதிகாரி என்றும், அவ்வாறு அறிவித்த ஆண்டு கி.பி. 105 என்றும் சீன வரலாறு கூறும். அதற்கு முன்னரே செய்யப்பட்ட காகிதத் துண்டுகள் சீனத்தின் வறண்ட பகுதிகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருப்பினும், மரப்பட்டை, சணல், கந்தை, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கொண்டு அவர் வகுத்த முறையே நிலைத்தது. சீனத்திலிருந்து கொரியாவுக்கும், கொரியாவிலிருந்து ஜப்பானுக்கும் அக்கலை பரவியது. கி.பி. 610-ல் கொகுர்யோ நாட்டிலிருந்து வந்த டாம்சிங் என்னும் பௌத்தத் துறவி காகிதமும் மையும் செய்ய வல்லவராயிருந்தார் என்று 'நிஹோன் ஷோக்கி' என்னும் ஜப்பானியப் பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது.

அந்நாட்டில் செய்யப்பட்டு, ஆண்டு தெரிய இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காகிதங்களுள் கி.பி. 702-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ஏடுகள் சிறப்பானவை. நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் அவை பாதுகாக்கப்பட்டு வருகின்றன. மினோ, சிக்குஸென், புஸென் என்னும் மாகாணங்களிலிருந்த குடும்பங்களையும் அவற்றின் உறுப்பினரையும் பெயர் பெயராக அவை பட்டியலிடுகின்றன. நிலம் பங்கிடவும் வரி வாங்கவும் எழுதப்பட்ட கணக்கு அது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தாள்கள் படிக்கக் கூடியவையாகவே உள்ளன. கி.பி. 764 முதல் 770 வரை ஓர் அரசியின் ஆணையால் பத்து லட்சம் சிறிய மரக் கோபுரங்கள் செய்யப்பட்டு, ஒவ்வொன்றினுள்ளும் அச்சிட்ட மந்திரச் சுருள் ஒன்று வைக்கப்பட்டது. அவ்வளவு தாளுக்கு எவ்வளவு நார் வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

தலைநகரில் அரசுக்கு உரிய காகிதச் சாலை ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. கி.பி. 927-ல் தொகுத்து முடிக்கப்பட்ட 'எங்கிஷிக்கி' என்னும் சட்டத்தொகுதி, எந்தெந்த மாகாணம் காகிதமும் காகிதத்துக்குரிய பட்டையும் செலுத்த வேண்டும் என்று விதிக்கிறது. மேலும், பட்டையை நறுக்குதல், வேகவைத்தல், இடித்தல், தாள் எடுத்தல் ஆகிய வேலைகளில் ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு முடிக்க வேண்டும் என்பதை நீண்ட பகல், நடுத்தரப் பகல், குறுகிய பகல் எனப் பிரித்து அளவு கூறுகிறது. இன்றைய தொழிற்சாலைக் கணக்கனும் வியக்கத்தக்க ஒழுங்கு அது.

ஜப்பானியக் கைக்காகிதத்துக்கு மூன்று செடிகள் நார் தந்தன. ஒன்று காம்பி. இதன் தாள் பட்டுப்போல் பளபளக்கும், பூச்சி அரிக்காது. ஆனால் காம்பியை மனிதன் வயலில் வளர்த்துப் பலன் காண்பது அரிது. மலையில் தானே வளர்வதைத் தேடிப் பட்டை உரிக்க வேண்டும். மற்றொன்று மித்ஸுமாதா. இதன் கிளை ஒவ்வொரு கணுவிலும் மூன்றாகப் பிரியும். வசந்தத் தொடக்கத்தில் மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். இதனை மூன்றாண்டுக்கு ஒருமுறை வெட்டுவர். மூன்றாவதே நாம் கூறவந்த கோஸோ. பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரியாகிய முசுக்கட்டையின் நெருங்கிய உறவினம் இது. மூன்றிலும் வலிய நார் இதற்கே உண்டு. ஆண்டுதோறும் அறுவடை தருவதும் இதுவே.

கோஸோ பயிரிடும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். இதனை விதை போட்டு வளர்ப்பது வழக்கமன்று. வேரைத் துண்டுகளாக வெட்டி நடுவர். நல்ல நெல்வயலை இதற்கு ஒதுக்கமாட்டார்கள். மலைச் சரிவு, வயல் வரப்பு, படிக்கட்டு நிலங்களின் கல்கட்டு ஓரம், ஆற்றங்கரை ஆகிய இடங்களே இதற்குக் கிடைக்கும். நீர் தேங்காத மண்ணும், வெயிலும், காற்றுக்கு ஒதுக்கமும் வேண்டும். காற்றுக்கு ஒதுக்கம் எதற்கு என்று கேட்கலாம். பலத்த காற்றில் தண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்தால் பட்டையில் காயம் படும். அக்காயம் ஆறினாலும் அவ்விடத்து நார் தடித்துக் கறுத்துவிடும். அக்கறை இறுதியில் வெள்ளைத் தாளில் ஒரு புள்ளியாய் வந்து நிற்கும்!

கோடையில் களை பறிக்க வேண்டும். அதனினும் முக்கியமானது, தண்டின் பக்கங்களில் அரும்பும் துளிர்களை ஓயாமல் கிள்ளி எறிவது. பக்கக் கிளை ஒன்று வளர்ந்தால் அது முளைத்த இடத்தில் கணு உண்டாகும். உரித்த பட்டையில் அவ்விடம் ஓட்டையாகும். ஆகவே கிளையே இல்லாத நேரான தண்டுதான் உழவனின் குறிக்கோள். நட்ட செடி இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறிது பலன் தரும். நான்கைந்து ஆண்டுகளில் முழுப்பலன் தரும். ஆண்டுதோறும் தரையோடு ஒட்ட வெட்டினாலும், நம் மறுதாம்புக் கரும்பைப் போல அடுத்த வசந்தத்தில் தூரிலிருந்து புதிய தண்டுகள் கிளம்பி ஓராண்டுக்குள் பத்தடி வரை உயரும். நன்கு பேணினால் ஒரு தூர் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் பலன் தரும்.

அறுவடைக் காலம் இலையெல்லாம் உதிர்ந்த பின், நவம்பர் இறுதி தொடங்கி ஜனவரி வரை. வசந்தத்தில் தூரில் உயிர்ச்சாறு மீண்டும் ஏறுவதற்கு முன் வெட்டி முடிக்க வேண்டும். அவ்வாண்டு வளர்ந்த தண்டையே வெட்டுவர். விட்டுவைத்தால் பட்டை முற்றி முரடாகிவிடும். கூரிய அரிவாளால் ஒரே வீச்சில் சாய்வாக வெட்ட வேண்டும் என்பது விதி. வெட்டுவாய் சாய்வாக இருந்தால் மழைநீர் அதில் தங்காது, தூர் அழுகாது. அதாவது, இவ்வாண்டு அறுக்கும்போதே அடுத்த ஆண்டுப் பயிரையும் நினைத்து அறுக்கிறான் உழவன்.

வெட்டிய தண்டுகளை ஒரே நீளத்துக்கு நறுக்கிக் கட்டுகளாக்கி, கொதிக்கும் கொப்பரையின்மேல் நிறுத்துவர். ஆள் உயரத்துக்குக் குறையாத மரத்தொட்டி ஒன்றை அதன்மேல் கவிழ்த்து மூடுவர். சுமார் இரண்டு மணி நேரம் ஆவியில் வேகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகும் மணத்தை ஒத்த ஓர் இனிய மணம் அப்போது ஊரெங்கும் பரவும் என்பர். தொட்டியைத் தூக்கியதும் குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். பட்டை சுருங்கி, கட்டையை விட்டு நெகிழும். சூடு ஆறுமுன் அடிப்புறத்தைப் பிடித்து இழுத்தால் முழுப்பட்டையும் உரிந்துவரும். ஆறினால் உரியாது. ஆகவே இது ஒரு குடும்பத்தால் தனித்துச் செய்யக்கூடிய வேலையன்று. இன்று ஒரு வீட்டுப் பயிரை உரிக்க அண்டை வீட்டார் அனைவரும் வருவர். நாளை அவ்வீட்டார் பிறர் வீட்டுக்குச் செல்வர். உரித்து எஞ்சிய கட்டை அடுப்புக்கு விறகாகும்.

உரித்த பட்டையை வெயிலில் உலர்த்தினால் அது கரும்பட்டை. இதனை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கலாம், விற்கலாம். தாள் செய்ய வேண்டுமானால் மீண்டும் நீரில் ஊறவைத்து, மேலுள்ள கறுப்புத் தோலையும் அதன்கீழ் உள்ள பச்சைப் படலத்தையும் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். எஞ்சுவது வெண்பட்டை. பனி பொழியும் ஊர்களில் அதனை வெண்பனியின்மேல் பரப்பி வெயிலில் வெளுப்பர். பிற ஊர்களில் ஓடும் ஆற்று நீரில் இட்டு வெளுப்பர். பின்னர் மரச்சாம்பலிலிருந்து வடித்த கார நீரில் வேகவைத்தால், நாரைப் பிணைத்து நிற்கும் பிசினும் பிற பொருள்களும் கரைந்து நார் மட்டும் நிற்கும். அந்த நாரைக் குளிர்ந்த நீரில் அலசி, தூசும் கறுப்புத் துணுக்கும் ஒன்றுவிடாமல் விரலால் பொறுக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் நாள் முழுதும் நீரில் கையை வைத்திருக்கும் இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர்.

பொறுக்கிய நாரை மரக் கொட்டாப்புளியால் அடித்துப் பஞ்சுபோலாக்கித் தொட்டி நீரில் கலப்பர். அதனோடு ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த வழுவழுப்பான சாற்றையும் சேர்ப்பர். அச்செடி நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் வழுவழுப்பை நினைத்தால் அச்சாற்றின் இயல்பு விளங்கும். நீண்ட நார் ஒன்றோடொன்று சிக்கி அடியில் படிந்துவிடாமல் அது மிதக்கவைக்கிறது. வெப்பம் மிகுந்தால் அச்சாற்றின் வலிமை கெட்டுவிடும். நல்ல தாள் குளிர்காலத் தாளே என்று கைவினைஞர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய மூங்கிற் சிம்புகளால் பின்னிய பாயைச் சட்டத்தில் பொருத்தி, தொட்டியில் தோய்த்து அசைத்து அசைத்து ஒரு தாளுக்குரிய நாரை ஏந்தி எடுப்பார் கைவினைஞர்.

இவ்வளவு உழைப்புக்கும் பின் கிடைப்பது எவ்வளவு? வயலில் 100 கிலோ தண்டு வெட்டினால், கரும்பட்டையாக அது சுமார் 15 கிலோ ஆகும். முடிவில் தாளாக வருவது சுமார் 4 அல்லது 5 கிலோ. இக்கணக்கை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து நாம் காணப்போகும் வரலாற்றை உணர்ந்துகொள்ள இது தேவை.

1603 முதல் 1868 வரை ஜப்பானை ஆண்ட தோக்குகாவா ஆட்சியில் நாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. ஜன்னல் கதவு, குடை, விசிறி, விளக்குக் கூடு, வணிகனின் கணக்குப் புத்தகம், ஏன், உடுக்கும் உடைகூடக் காகிதத்தால் செய்யப்பட்ட காலம் அது. எதோ நகரில் தீப்பிடித்தால் வணிகர்கள் கணக்குப் புத்தகங்களைக் கிணற்றில் எறிந்துவிட்டு ஓடுவர் என்றும், தீ அணைந்தபின் எடுத்து உலர்த்தினால் எழுத்தும் தாளும் கெடாமல் இருக்கும் என்றும் சொல்வதுண்டு. இத்தகைய பொருளுக்குத் தேவை பெருகவே, சிற்றரசர்களின் பார்வை கோஸோவின்மேல் விழுந்தது. நாட்டுக்குச் செல்வம் தரும் 'நான்கு மரம், மூன்று செடி' என்று அக்காலத்தில் ஒரு வழக்கு உண்டு. தேயிலை, கோஸோ, அரக்கு மரம், பட்டுப்புழு மல்பெரி ஆகியன நான்கு மரம். சணல், குசும்பா, அவுரி ஆகியன மூன்று செடி.

நெல் விளையாத மலைநாட்டுக் குடியானவருக்குக் கோஸோவும் காகிதமும் கைக்காசு தந்த பொருள்கள். அந்தக் காசையே அரசு குறிவைத்தது. சோஷூ என்னும் சிற்றரசில் கோஸோவை மதிப்பிட்டு, அதனை நெல்லின் அளவாக மாற்றிக் கணக்கெழுதி, அதற்கு ஈடாகக் காகிதத்தைப் பெற்றனர். வேறு பல சிற்றரசுகளில், காகிதத்தை அரசு குறித்த வணிகருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்று சட்டம் செய்தனர். விலையை வைப்பவரும் அவ்வணிகரே. குடியானவருக்கு முன்பணம் கொடுப்பவரும் அவரே. முன்பணம் வாங்கியவன் அவர் சொன்ன விலைக்கே தாளைக் கொடுக்க வேண்டும். மறைத்து வேறிடத்தில் விற்றால் தண்டனை. 100 கிலோ சுமந்து 4 கிலோ தாள் கண்டவனுக்கு அந்த 4 கிலோவும் தன் விருப்பப்படி விற்க உரிமையில்லை என்றால் அவன் மனம் எவ்வாறிருக்கும்?

1787-ல் தோஸா சிற்றரசைச் சேர்ந்த இக்கெகாவா முதலிய மலைக்கிராமங்களின் காகிதக் குடியானவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, எல்லைமலையைக் கடந்து, அண்டைச் சிற்றரசில் இருந்த ஒரு பௌத்தக் கோயிலில் அடைக்கலம் புகுந்தனர். கோயில் துறவிகள் இடைநின்று சமாதானம் செய்தனர். குடியானவர்கள் ஊர் திரும்பினர். எனினும் தலைவர்கள் சிலர் பின்னர்க் கொல்லப்பட்டனர்.

ஆறாண்டுகளுக்குப் பின் இதனினும் பெரிய கிளர்ச்சி யோஷிதா என்னும் சிறிய அரசில் எழுந்தது. அது ஷிக்கோக்கு தீவின் மேற்குப் பகுதியில், உவாஜிமா சிற்றரசின் கிளையாக விளங்கிய நாடு. அங்கும் காகிதம் விற்கும் தனியுரிமை ஒரு வணிகக் குடும்பத்திடம் இருந்தது. புஸாயெமோன் என்னும் குடியானவர் நாடோடிப் பாடகனாக வேடமிட்டு ஊர் ஊராகச் சென்று, ஒத்த மனத்தினரைச் சில ஆண்டுகளாகவே சேர்த்து வந்தார் என்று மக்கள் மரபு கூறுகிறது. 1793-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பல்லாயிரம் குடியானவர்கள் மலையிலிருந்து இறங்கினர். அவர்கள் தம் அரசனின் கோட்டைக்குச் செல்லவில்லை. தலைமைச் சிற்றரசான உவாஜிமாவின் எல்லைக்குள் சென்று ஆற்று மணலில் அமர்ந்துவிட்டனர். தம் குடிகள் பிறர் நாட்டில் முறையிடுவதைவிட ஓர் அரசனுக்கு வேறு அவமானம் இல்லை.

யோஷிதாவின் அமைச்சருள் ஒருவரான அந்தோ கிதயூ அந்த ஆற்றங்கரைக்கு வந்தார். குடிகளின் துன்பத்துக்கு ஆட்சியினரே பொறுப்பு என்பதை ஏற்றுக்கொள்வார் போல, அந்நாட்டு வீரர் முறைப்படி அவ்விடத்திலேயே தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர் நீத்தார். குடியானவரின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. காகிதத் தனியுரிமை நீக்கப்பட்டது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கிளர்ச்சியின் தலைவர் யார் என்பதைப் பின்னர்த் தந்திரத்தால் அறிந்த அதிகாரிகள் புஸாயெமோனைப் பிடித்து, 1794-ல் கொன்றனர். இறந்த அமைச்சருக்கு யோஷிதாவில் கோயில் எழுந்தது. குடியானவர் தலைவரின் நினைவையும் மலையூர் மக்கள் மறக்கவில்லை. ஒரு தாளின் விலைக்காக ஒரே கிளர்ச்சியில் அமைச்சர் ஒருவரும் உழவர் ஒருவரும் உயிர் துறந்த இந்நிகழ்ச்சி, காகித வரலாற்றில் இடம்பெற வேண்டாமா?

இக்கிளர்ச்சி நிகழ்ந்து ஐந்தாண்டுகளில், 1798-ல், 'கமிசுகி சோஹோக்கி' என்ற நூல் வெளியாயிற்று. இவாமி நாட்டுக் காகித வணிகர் குனிஸாக்கி ஜிஹேய் இயற்றியது. கோஸோ வெட்டுவது முதல் தாளைக் கட்டி அனுப்புவது வரை ஒவ்வொரு வேலையையும் படங்களோடு விளக்கி, உழவர் ஓய்வுக்காலத்தில் இத்தொழிலைச் செய்து பயனடையலாம் என்று அந்நூல் கூறுகிறது. படங்களில் ஆணும் பெண்ணும் குழந்தையும் வேலை செய்கின்றனர். காகிதம் செய்யும் குடும்பத்தின் வாழ்க்கையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பழைய நூல்கள் வேறு நாடுகளிலும் அரியனவே.

1868-க்குப் பின் ஜப்பான் மேல்நாட்டு முறைகளை மேற்கொண்டது. சிற்றரசுகள் ஒழிந்தன, தனியுரிமைகளும் ஒழிந்தன. விற்கும் உரிமை கிடைத்ததும் தொழில் செழித்தது. தோஸா நாட்டு யோஷீ கெந்தா போன்றோர் பெரிய சட்டங்களை அமைத்து, ஒரே முறையில் பல தாள் எடுக்க வழி கண்டனர். பனிப்படலம் போல் மெல்லிய தாள்கள் கடல் கடந்து விற்பனையாயின. 1901-ல் காகிதம் செய்த குடும்பங்கள் 68,562 எனக் கணக்குக் கூறுகிறது. அதுவே உச்சம். பிறகு இறங்குமுகம். ஆலைக் காகிதம் மலிவாகப் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பாடப்புத்தகங்களும் ஆலைக் காகிதத்துக்கு மாறின. கைக்காகிதக்காரருக்கு அது பெரிய அடி. கற்பிக்கும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதனையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. மலிவான தாளால் ஏழைக் குழந்தைக்கும் புத்தகம் கிடைத்தது, அது நன்மையே. ஆயின் அதே மாற்றம் மலையூரில் ஓர் ஏழையின் குளிர்கால வருவாயைப் பறித்தது. வரலாற்றில் பல நன்மைகள் இவ்வாறு யாரேனும் ஒருவர் செலவில் வந்தவையே.

இந்த நாரின் வலிமை போருக்கும் பயன்பட்ட வரலாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், கோஸோத் தாளைப் பல அடுக்காக ஒட்டி, சுமார் 33 அடி விட்டமுள்ள பலூன்கள் செய்தனர். ஒட்டும் பசை நம் சேனைக்கிழங்கின் இனமாகிய கொன்னியாக்குக் கிழங்கின் மாவு. ஒட்டியவர்களுள் பலர் பள்ளி மாணவியர். 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை ஏறத்தாழ 9,300 பலூன்கள் வெடிகுண்டுகளுடன் பசிபிக் கடலின்மேல் வீசும் உயர்காற்றில் விடப்பட்டன. 1945 மே 5-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காட்டில் கிடந்த ஒன்று வெடித்ததில், உல்லாசப் பயணம் வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து சிறுவர் சிறுமியரும் மாண்டனர். தாளை ஒட்டியவர்களும் சிறுவயதினர். அதனால் மடிந்தவர்களுள்ளும் சிறுவயதினரே மிகுதி.

அதே நார் அழிவைத் தடுக்கவும் உதவியது. 1966-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஆறு பெருக்கெடுத்து, நூலகங்களிலிருந்த அரிய நூல்கள் சேற்றில் மூழ்கின. அவற்றைச் செப்பனிட்ட வல்லுநர்கள் ஜப்பானிய மெல்லிய தாளைப் பயன்படுத்தினர். கிழிந்த ஏட்டின்மேல் ஒட்டினால் எழுத்து மறையாத மென்மையும், ஏட்டைத் தாங்கும் உறுதியும், காலத்தால் மஞ்சளாகாத தூய்மையும் அதற்கு உண்டு. இன்று உலகின் பெரிய நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இதனை நாடுகின்றன. 2014-ல் செகிஷூ-பான்ஷி, ஹோன்-மினோஷி, ஹொசோகாவா-ஷி என்னும் மூன்று ஊர்க் காகிதக் கலைகளையும் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தது. மூன்றும் கோஸோவினாலாயவை. அவற்றுள் மினோ என்பது 702-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நாம் கண்ட அதே மினோ.

இத்தனை புகழும் வந்தபோதிலும் வயலின் நிலை வேறு. காகிதம் செய்யும் குடும்பங்கள் சில நூறாகக் குறைந்துவிட்டன. கோஸோ வளர்ப்போர் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகள் நகரத்துக்குச் சென்றுவிட்டனர். பக்கத் துளிரைக் கிள்ளவும், குளிரில் வெட்டவும், கூடி உரிக்கவும் ஊரில் ஆட்கள் இல்லை. குறைந்த விலைக்குத் தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து பட்டை வருகிறது. ஜப்பானிய நாணயத் தாளுக்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்பட்டுவரும் மித்ஸுமாதாப் பட்டையும் இப்போது பெரும்பகுதி நேபாள மலைகளிலிருந்து வருகிறது. தாள் எடுக்கும் கைவினைஞருக்குப் பட்டமும் பரிசும் உண்டு; பட்டை வளர்த்த உழவரின் பெயரை அறிவோர் சிலரே. கலையைக் காப்போம் என்பவர்கள் தொட்டியருகே நின்றுவிடுகின்றனர், வயல்வரை செல்வதில்லை. வயல் அழிந்தால் தொட்டியும் வறளும் என்பதை அவ்வூர்க் கைவினைஞர்கள் இப்போது உணர்ந்து, தாமே கோஸோ நட்டு வளர்க்கவும், பள்ளிச் சிறுவர்களை அழைத்துச் சென்று பட்டை உரிக்கக் கற்பிக்கவும் தொடங்கியிருக்கின்றனர். சில ஊர்களில் சிறுவர்கள் தாம் உரித்த நாரிலிருந்து தம் பள்ளியிறுதிச் சான்றிதழுக்குரிய தாளைத் தாமே எடுக்கின்றனர். இதனினும் சிறந்த சரித்திரப் பாடம் ஒன்றை நான் அறியேன்.

வரலாறு பயிலும் மாணவர்கள் ஒரு பழக்கத்தை மேற்கொள்வது நலம். எந்தப் பொருளைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இது எம்மண்ணில் விளைந்தது? யார் கையால் உருப்பெற்றது? அதன் பலன் யாரைச் சேர்ந்தது? முதற் கேள்விக்குப் புவியியலிலும், இரண்டாம் கேள்விக்குத் தொழில்நூலிலும் விடை கிடைக்கும். மூன்றாம் கேள்விக்கு விடை காண்பதே வரலாற்று மாணவனின் வேலை. ஷோசோயின் கருவூலத்துக் குடிக்கணக்கில், அரசுக்கு வரி செலுத்த வேண்டிய குடியானவர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அப்பெயர்களைத் தாங்கி நிற்கும் நாரை விளைவித்தவர்களும் அவர்களைப் போன்ற குடியானவர்களே. அந்த ஏட்டைப் படிப்போர், எழுத்தை மட்டுமன்றித் தாளையும் சேர்த்துப் படித்தால்தான் அவ்வரலாறு முழுமை பெறும்.